ஆம்ஸ்டர்டாமுக்கு நண்பர்களோடு மறுபடி மறுபடி போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நண்பர்கள் கூட்டமாக ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள், அதிலும் இரண்டாவது மூன்றாவது தடவை போகிறவர்கள், அங்குள்ள கஞ்சாக் கடைகளையும் பயணத்தையும் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். புதிதாகப் போகிறவர் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு போவார். ஏற்கெனவே போய்வந்தவர்தான் "எனக்குத் தெரியும்" என்று இறங்கிச் சிக்கிக்கொள்கிறார். ஊரின் விதிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறுகின்றன. உடம்பும் போன தடவை இருந்த உடம்பு இல்லை.

அங்க கஞ்சா சட்டப்படி சரியா, தப்பா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எழுத்துப்படி இன்றும் குற்றம்தான். 1976இல் நெதர்லாந்து தன் அபின் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவையும் அதன் பிசினான ஹஷீஷையும் ஹெராயின், கோகைன் போன்றவற்றிலிருந்து தனியாகப் பிரித்தது. அதிலிருந்து "கெடோகன்" என்கிற கொள்கை நடக்கிறது. குற்றம் குற்றமாகவே இருக்கும். குறிப்பிட்ட நிபந்தனைக்குள் இருந்தால் அரசு வழக்குப் போடாது.

18 வயது நிரம்பிய ஒருவர் கையில் 5 கிராம் வரை இருந்தால் வழக்கு இல்லை. காபிஷாப் என்கிற கஞ்சாக் கடை ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்கு மேல் விற்கக் கூடாது. தன்னிடம் 500 கிராமுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது. இதில் ஒரு முரண் உண்டு. முன்வாசலில் விற்பதைச் சகித்துக்கொள்ளும் அரசு, அதே சரக்கு கடையின் பின்வாசலுக்கு வந்துசேரும் வழியை இன்றும் குற்றமாகவே வைத்திருக்கிறது. முறைப்படி பயிரிட்டதை மட்டும் விற்கும் பரிசோதனை 2023 டிசம்பரில் பிரேடா, டில்பர்க் ஊர்களில் தொடங்கி, இப்போது 10 நகராட்சிகளில் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் அந்தப் பத்தில் இல்லை.

காபிஷாப்னா காபிக் கடைதானே?

இல்லை. பலகையில் "காபிஷாப்" என்று இருந்தால் அது கஞ்சா விற்க உரிமம் உள்ள இடம். காபி மட்டும் வேண்டுமென்றால் "கஃபே" அல்லது "கோஃபிஹவுஸ்" என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போங்கள். காபிஷாப்பில் மது கிடைக்காது. காபி, தேநீர், பழச்சாறு உண்டு. ஊரில் இப்போது சுமார் 160 காபிஷாப்புகள் இருக்கின்றன. 1990களில் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தன. பள்ளிகளிலிருந்து 250 மீட்டருக்குள் இருந்த பல கடைகளை மூடிவிட்டார்கள். மிகப் பழைய காபிஷாப்பாகச் சொல்லப்பட்ட மெல்லோ யெல்லோ கூட அப்படித்தான் 2017 ஜனவரி 1இல் மூடப்பட்டது. பத்து வருடத்துக்கு முந்தைய பட்டியலை நம்பிப் போனால் சில கதவுகள் சாத்தியிருக்கும்.

வெளிநாட்டுக்காரங்களை இப்போ உள்ளே விடுறதில்லையாமே?

ஆம்ஸ்டர்டாமில் விடுகிறார்கள். இந்தக் குழப்பம் 2012இல் தொடங்கியது. அந்த வருடம் மே மாதம் தெற்கு மாகாணங்களில் உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் விற்கும் முறை வந்தது. 2013இல் அந்த விதி நாடு முழுக்க வந்தாலும், அமல்படுத்துவதை அந்தந்த ஊரிடமே விட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் அமல்படுத்தவில்லை, மாஸ்ட்ரிக்ட் அமல்படுத்தியது. 2021இல் ஆம்ஸ்டர்டாம் மேயரும் சுற்றுலாப் பயணிகளைத் தடுக்கலாம் என்று முன்மொழிந்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. மறுபடி எழக்கூடிய பேச்சு என்பதால், ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குள்ள போய் எப்படிக் கேக்கணும்? தப்பா ஏதாவது பண்ணிடுவோமோன்னு பயமா இருக்கு.

பாஸ்போர்ட்டை அசலாகக் கையில் வைத்திருங்கள். போனில் எடுத்த படம் பெரும்பாலும் செல்லாது. 40 வயதுக்காரரிடமும் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம். ரொக்கமும் வேண்டும். பல கடைகளில் கிரெடிட் கார்டு எடுப்பதில்லை. தெருவில் மஞ்சள் நிறத்தில் "கெல்ட்மாட்" என்றிருக்கும் ஏடிஎம்மில் எடுத்தால், சுற்றுலாத் தெருக்களில் தனியார் வைத்திருக்கும் நீல ஏடிஎம்மைவிடக் கட்டணம் குறைவாகப் போகும்.

உள்ளே விற்பனைக்குத் தனியாக ஒரு மேடை இருக்கும், குடிக்க வாங்கும் இடம் வேறு. விளம்பரம் கூடாது என்பதால் விலைப்பட்டியல் சுவரில் தொங்காது. மேடைமேல் ஒரு அட்டையாகக் கிடக்கும், அல்லது கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதில் கஞ்சா ஒரு பக்கம், ஹஷீஷ் ஒரு பக்கம், சுருட்டித் தயாராக உள்ளவை ஒரு பக்கம். ஒரு கிராம் பெரும்பாலும் 10 முதல் 15 யூரோவுக்குள் இருக்கும். "ஒரு கிராம் போதும், லேசானது எது?" என்று கேளுங்கள். விற்பவர் டப்பாவைத் திறந்து காட்டுவார். முகர்ந்து பார்க்கலாம், விரலால் தொடக் கூடாது. சின்னத் தராசில் உங்கள் கண்முன் நிறுத்து, ஜிப் பையில் போட்டுக் கொடுப்பார். உட்கார வேண்டுமானால் ஆளுக்கு ஒரு தேநீராவது வாங்குவது மரியாதை. ஆறு பேர் உட்கார்ந்து ஒரு கோலா வாங்கினால் எழுந்துபோகச் சொல்வார்கள், அதுவும் நியாயம்தான். மற்றவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

சிகரெட் தூள் கலந்துதானே பிடிப்போம், அதுக்கு என்ன?

2008 ஜூலை 1 முதல் நெதர்லாந்தில் உணவகம், கடை எல்லாவற்றிலும் உள்ளே புகையிலை தடை. காபிஷாப்பும் அதில் அடக்கம். கஞ்சாவை மட்டும் பிடிக்கலாம், புகையிலை கலந்ததை மேசையில் பற்றவைக்கக் கூடாது. பல கடைகளில் கலந்துகொள்ள நிகோடின் இல்லாத மூலிகைத் தூள் இலவசமாக வைத்திருப்பார்கள்.

தயாராகச் சுருட்டி விற்பதில் புகையிலை கலந்தது, கலக்காதது என இரண்டு வகை உண்டு. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சிகரெட் பழக்கமே இல்லாதவருக்குத் தலைசுற்றி வாந்தி வருவதற்கு, கஞ்சாவைவிடப் புகையிலையிலுள்ள நிகோடின் காரணமாக இருப்பது உண்டு.

தெருவுல நடந்துகிட்டே பிடிக்கலாமா? போன தடவை பிடிச்சோமே.

அந்த நினைப்புக்குத்தான் 100 யூரோ அபராதம். 2023 மே 25 முதல் பழைய நகர மையத்தில் தெருவில் கஞ்சா பிடிக்கத் தடை. டி வாலன் என்கிற சிவப்பு விளக்குப் பகுதி, டாம் சதுக்கம், டாம்ராக், நியூமார்க்ட் எல்லாம் இதில் வரும். அதே பகுதியில் வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை 4 மணிக்கு மேல் கடைகளில் மது விற்பதில்லை. வேறு சில பேட்டைகளிலும் தடைப் பலகை உண்டு. கம்பத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

பலகை இல்லாத இடத்திலும் விளையாட்டுத் திடல், பள்ளி வாசல், யாருடைய வீட்டு ஜன்னலடியிலும் வேண்டாம். பழைய கால்வாய் வீடுகளின் தரைத்தள ஜன்னல் தெருவை ஒட்டியே இருக்கும். நீங்கள் சாய்ந்து நிற்கும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் முழுசா பிடிச்சான், ஒண்ணும் ஆகல. இந்த வருஷம் பாதியிலயே விழுந்துட்டான். சரக்குல ஏதாவது கலக்குறாங்களா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலும் கலப்படம் காரணமில்லை. தொடர்ந்து சில நாள் பிடித்தால் மூளையில் போதைப் பொருள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் மந்தமாகி, அதே அளவுக்கு விளைவு குறையும். இதைத்தான் "பழகிப்போச்சு" என்கிறோம். நிறுத்தினால் சில வாரங்களில் ஏற்பிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் நண்பர் நினைவில் வைத்திருப்பது போன பயணத்தின் கடைசி நாள் அளவை, அதாவது நான்கு நாள் பழகிய உடம்பின் அளவை. ஒரு வருட இடைவெளிக்குப் பிறகு அவர் உடம்பு மறுபடி புதிய ஆள். அந்தக் கடைசி நாள் அளவில் முதல் நாளைத் தொடங்கினால் விழத்தான் செய்வார்.

சரக்கின் வீரியமும் கடைக்குக் கடை, வகைக்கு வகை மாறும். நெதர்லாந்தின் டிரிம்போஸ் நிறுவனம் வருடாவருடம் காபிஷாப் சரக்கை வாங்கிச் சோதிக்கிறது. உள்ளூர்க் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. சராசரியாக 15 சதவீதத்தை ஒட்டியும், வெளிநாட்டு ஹஷீஷில் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்கிறது. கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும் ஹஷீஷ் துண்டு கஞ்சாவைவிடக் கடுமையாக இருப்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. முதல் நாள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, லேசானதில் ஒன்றிரண்டு இழுப்பு, பிறகு 15 நிமிடம் சும்மா இருப்பது. விமானம் விட்டு இறங்கியதும், தூக்கமில்லாமல், வெறும் வயிற்றில், பியருக்கு மேல் பிடிப்பது ஆகாது. மதுவோடு சேர்ந்தால் இரத்தத்தில் டி.எச்.சி. ஏறும் அளவு கூடுகிறது. கூட்டத்தில் யார் எவ்வளவு பிடிப்பது என்று போட்டி வைக்காதீர்கள். வட்டமாகச் சுற்றிவரும்போது "எனக்குப் போதும்" என்பவரை யாரும் வற்புறுத்தாத கூட்டம்தான் அடுத்த வருடமும் சேர்ந்து வரும்.

ஸ்பேஸ் கேக் சாப்பிட்டு ஒரு மணி நேரமாச்சு, ஒண்ணுமே தெரியல. இன்னொண்ணு சாப்பிடவா?

வேண்டாம். ஸ்பேஸ் கேக் என்பது கஞ்சா கலந்த கேக். புகை நிமிடங்களில் தெரியும். தின்றது குடல், கல்லீரல் வழியாகப் போய்த்தான் ஏறும். அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஆகும், வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கல்லீரலில் டி.எச்.சி. மாறி உருவாகும் பொருளும் வீரியமானது. ஏறினால் 6 முதல் 8 மணி நேரம் நிற்கும். ஒன்றும் தெரியவில்லையென்று இரண்டாவதைச் சாப்பிட்ட பிறகு இரண்டும் சேர்ந்து ஏறுவதுதான் வழக்கமான விபத்து.

அந்தக் கேக்கின் மேல் அளவு அச்சிட்டிருக்காது. ஒரே தட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றில் அதிகமும் ஒன்றில் குறைவும் இருக்கலாம். சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கால் துண்டு. மணி பார்த்துக் குறித்துவைத்து, அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மீதியை அறையின் குளிர்பெட்டியில் பெயர் எழுதாமல் வைக்காதீர்கள். பசியில் எழும் நண்பருக்கு அது வெறும் கேக்.

முகம் வெளுத்து, வேர்த்து, "செத்துடுவேன்"னு ஒருத்தன் சொல்றான். என்ன பண்றது?

இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியிருக்கிறது, கூடவே பயம். எழுந்து நிற்க விடாதீர்கள். நிற்கும்போதுதான் மயங்கி, மேசை விளிம்பில் தலை அடிபடும். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். தண்ணீர், பழச்சாறு, சர்க்கரை போட்ட தேநீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவர் தினமும் பார்ப்பது இது.

சுற்றி நின்று ஆறு பேரும் பேசாதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "நேரம் ஆக ஆகக் குறையும், நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். புகையால் வந்தது என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கும். தனியாக அறைக்கு அனுப்பாதீர்கள். கால்வாய் ஓரத்தில் பல இடங்களில் கைப்பிடிச் சுவரே இல்லை. நினைவு தப்பினாலோ, நெஞ்சு வலித்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ உடனே அவசர உதவி எண் 112. என்ன எடுத்தார், எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்பது சிகிச்சைக்காகத்தான்.

பாலத்துக்கிட்ட ஒருத்தன் வந்து "கோக் வேணுமா"ன்னு கேட்டான். நல்ல சரக்கா இருக்குமா?

நின்று பதில்கூடச் சொல்லாமல் நடந்துவிடுங்கள். தெருவில் விற்பது மாவாகவோ மாத்திரைத் தூளாகவோ இருந்தால் பணத்தோடு போகும். 2014 இறுதியில் அப்படி ஒருவன் கோகைன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினை விற்றான். சுற்றுலா வந்த பிரிட்டிஷ் இளைஞர்கள் இறந்தார்கள். நகராட்சி தெருவெங்கும் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டிவந்தது. உரிமம் உள்ள காபிஷாப்பில் இந்தக் கடும் போதைப் பொருள்கள் இருக்கவே கூடாது. இருந்தால் கடையையே மூடிவிடுவார்கள்.

காளான் கிடைக்குமா?

2007இல் ஒரு பிரெஞ்சு மாணவி இறந்ததை அடுத்து, 2008 டிசம்பர் 1 முதல் போதைக் காளான் தடை. ஸ்மார்ட்ஷாப் என்ற கடைகளில் இப்போது விற்பது ட்ரஃபிள், அதாவது அதே இனத்தின் மண்ணுக்கடியில் வளரும் கட்டி. சட்டம் அதைத் தடுக்கவில்லை. உள்ளே இருப்பது காளானில் உள்ள அதே சைலோசைபின் என்கிற போதைப் பொருள்தான், அதனால் "லேசானது" என்று நம்ப வேண்டாம்.

கஞ்சாவோடும் மதுவோடும் சேர்க்கவே கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களும் தொட வேண்டாம். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்களுக்குக் கஞ்சாவும் ஆகாது. இதயக் கோளாறு உள்ளவர்கள் கஞ்சாவையும் தவிர்க்க வேண்டும், நாடித்துடிப்பை அது சட்டென்று ஏற்றும்.

நாங்க ஆறு பேர். ஒரே வீடு எடுத்துக்கலாமா?

ஆம்ஸ்டர்டாமில் வீட்டை விடுமுறை வாடகைக்கு விடுகிறவர் ஒரு நேரத்தில் 4 பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. "ஆறு பேர் வரலாம்" என்று யாராவது சொன்னால், புகார் வரும்போது நடு இரவில் வெளியே நிற்பது நீங்கள். ஓட்டலில் மூன்று அறை, அல்லது ஊருக்கு வெளியே ஹார்லெம், சான்டம் பக்கம் தங்கி ரயிலில் வருவது நல்லது.

செலவைக் கணக்கிடும்போது போன தடவை விலையை வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 முதல் சுற்றுலா வரி அறைக் கட்டணத்தில் 12.5 சதவீதம்; 2026 ஜனவரியிலிருந்து தங்குமிடத்துக்கான மதிப்புக்கூட்டு வரி 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. அறையில் புகைபிடித்தால் சுத்தம் செய்யும் கட்டணம் தனி.

ஒவ்வொரு தடவையும் விசாவுக்கு அலையணுமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. கடந்த மூன்று வருடங்களுக்குள் இரண்டு ஷெங்கன் விசா (நெதர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வாங்கி முறையாகப் பயன்படுத்தியிருந்தால், அடுத்ததாக 2 வருடப் பலமுறை விசாவும், அதன்பின் பாஸ்போர்ட்டில் காலம் இருந்தால் 5 வருட விசாவும் கிடைக்க வழி உண்டு. எந்த விசாவானாலும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பழைய விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

சைக்கிள் எடுத்தே ஆகணும்னு ஒருத்தன் சொல்றான். கார்லயும் போகலாமா?

பிடித்துவிட்டு இரண்டும் கூடாது. போதையில் சைக்கிள் ஓட்டுவதும் அங்கே குற்றம். மையப் பகுதியில் உள்ளூர்க்காரர்கள் வேகமாக, நெருக்கமாக ஓட்டுவார்கள்; டிராமின் தண்டவாளப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கினால் கீழே விழுவது நிச்சயம். ஓட்டத்தான் வேண்டுமென்றால் காலையில், தெளிவாக இருக்கும்போது, படகில் அக்கரையிலுள்ள நூர்ட் பக்கம் போய் ஓட்டுங்கள். நடக்கிறவர்கள் சிவப்புத் தார் போட்ட பாதையில் நிற்காதீர்கள், அது சைக்கிளுக்கானது.

காருக்கு இரத்தத்தில் டி.எச்.சி. வரம்பு மில்லிலிட்டருக்கு நெதர்லாந்தில் 3, ஜெர்மனியில் 3.5 நானோகிராம். இரவு நிறையப் பிடித்தவர் மறுநாள் காலையில் தெளிவாக உணர்ந்தாலும் அதைத் தாண்டி இருக்கலாம். ரயில் இருக்கிறது: லண்டனிலிருந்து சுமார் 4 மணி, பாரிஸிலிருந்து மூன்றரை மணிக்கும் குறைவு.

கூட்டத்துல ரெண்டு பேருக்கு இது வேண்டாம். அவங்க என்ன பண்ணுவாங்க?

நிறைய இருக்கிறது, மற்ற நால்வருக்கும் அது தேவை. மத்திய ரயில் நிலையத்தின் பின்பக்கத்திலிருந்து நூர்டுக்கும், பழைய கப்பல் கட்டும் தளமான என்.டி.எஸ்.எம்.முக்கும் படகு இலவசம். வான்கோ அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு ஆறு வாரம் கழித்துவரும் நாள்களின் டிக்கெட் செவ்வாய்க்கிழமைகளில் திறக்கும். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைக்காது. பிடித்துவிட்டு அந்த வீட்டுக்குள் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு டி பைப் பக்கம் சுரினாம் ரொட்டிக் கடைகளைத் தேடுங்கள். 1873 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சுரினாமுக்குப் போனவர்களின் வழியில் வந்த சாப்பாடு. பெரிய மெல்லிய ரொட்டி, மசாலாக் கோழி, உருளைக்கிழங்கு, நீளப் பயறங்காய், ஒரு முட்டை. ரொட்டியைப் பிய்த்துக் கையாலேயே சாப்பிடலாம். மூன்று நாள் சீஸும் வறுத்த உருளையும் தின்ற வயிற்றுக்கு இது மருந்து.

ஊருக்குத் திரும்பினதும் தெரியுமா? அங்க சட்டப்படிதானே பிடிச்சோம்?

எந்தப் பாஸ்போர்ட், எந்த வேலை என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பிடித்தாலும் உள்நாட்டில் பிடித்ததாகவே சட்டம் கருதும், எல்லையில் சிறுநீர்ச் சோதனையும் உண்டு. அவர்களுக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: ஊரைப் பாருங்கள், பிடிக்காதீர்கள். இந்தியாவின் 1985ஆம் வருட போதைப்பொருள் சட்டமும், வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே சொல்கிறது. துபாய், அபுதாபி வழியாகத் திரும்புகிறவர்கள் கவனிக்க: அமீரகத்தில் இரத்தத்தில் தடயம் இருப்பதையே வைத்திருந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

எப்போதாவது பிடிப்பவரின் சிறுநீரில் சில நாள் தெரியும், நாள்தோறும் பிடிப்பவருக்கு ஒரு மாதம் வரை. வேலையில் சோதனை உள்ளவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். தண்ணீர் குடித்தால் போய்விடும் என்பது வெறும் நம்பிக்கை.

மீதி ஒரு கிராம்தான் இருக்கு. அதை எடுத்துட்டுப் போனா கண்டுபிடிப்பாங்களா?

ஒரு துகள்கூட வேண்டாம். எல்லை தாண்டினால் 5 கிராம் சலுகை எதுவும் கிடையாது, அது கடத்தல். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் கஞ்சா வைத்திருக்கலாம் என்றாலும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது குற்றம்தான். ரயிலும் பேருந்தும் இதற்கு விலக்கில்லை.

வேண்டுமென்றே எடுத்துப்போகிறவரைவிட மறந்து எடுத்துப்போகிறவர்தான் அதிகம். கிளம்புவதற்கு முந்தைய இரவே எல்லோரும் பையைக் கட்டிலில் கொட்டுங்கள். ஜீன்ஸின் குட்டிப் பாக்கெட், ஜாக்கெட்டின் உள்பை, கண்ணாடிக் கூடு, சிகரெட் பெட்டியின் அடி, கேமரா பையின் ஓரம் எல்லாவற்றையும் திருப்பி உதறுங்கள். கஞ்சா பொடிக்கும் கிரைண்டரைக் கழுவி எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள். அடித்தட்டின் வலையில் மாவுபோல ஒட்டியிருப்பது கழுவினாலும் முழுதும் போகாது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த தடவை அங்கேயே ஐந்தாறு யூரோவுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.